எங்கள் தெரு மட்டும்

சென்னையில் நடுத்தர வர்க்கத்தார் வாழும் பகுதிகளில் குடியிருப்போர் நலச்சங்கம் இல்லாத இடம் குறைவு. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் தலைவர், பொதுப்பணித் துறையிலோ தொலைபேசித் துறையிலோ இருந்தவர் செயலாளர், ஆண்டுச் சந்தா, லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்ப், இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு. மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் நாங்கள் எழுதிய மனுக்களுக்குக் கணக்கில்லை. தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, சாக்கடை பொங்குகிறது. எல்லாம் நியாயமான மனுக்கள்தாம். ஆனால் அவை அநேகமாக எங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டன. அந்தத் தெரு எந்த நிலத்தின்மேல் நிற்கிறது, அதில் விழும் மழைநீர் யார் வீட்டுப் பக்கம் போகிறது, இருபது ஆண்டுகள் கழித்து அதைச் சுற்றி என்ன வரப்போகிறது என்று கேட்ட மனுக்கள் மிகச் சில.

நகரம் கெட்டுப்போனதற்கு அரசையும் அதிகாரிகளையும் கட்டுமான நிறுவனங்களையும் நிறையக் குறை சொல்லியிருக்கிறோம். அவற்றில் ஒன்றையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. அந்தப் பட்டியலில் எங்கள் பெயரை நாங்கள் எழுதாமல் விட்டோம். அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. 'நாங்கள்' என்று நான் சொல்வது இந்தச் சங்கங்களை நடத்தியவர்களையும், சந்தா கட்டிவிட்டு ஒதுங்கியவர்களையும், இரண்டும் செய்யாமல் செய்தித்தாளில் படித்துக் கோபப்பட்டவர்களையும் சேர்த்துத்தான்.

அரசியல் சட்டத்தின் 74வது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று அது பட்டியலிட்ட 18 பணிகளில் முதலாவது நகரத் திட்டமிடல். மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. பெருநகரங்களுக்கு ஒரு திட்டக் குழு வேண்டும், அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றது. தெருவில் இருப்பவர் சொல்வது வார்டு வழியாகப் பெருநகரத் திட்டம் வரை போய்ச்சேர வேண்டும் என்பது அதன் கணக்கு.

சென்னையில் கதை வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. அதன் மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். இடையில் 23 ஆண்டுகள் இந்த நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. சி.எம்.டி.ஏ. என்று இன்று நாம் சொல்லும் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டபூர்வ அமைப்பானது அந்த இடைவெளியில்தான். முதல் மாஸ்டர் பிளான் வந்ததும் அந்த இடைவெளியில்தான். அமைச்சர் ஒருவர் தலைவர், உறுப்பினர்களில் பெரும்பகுதி அதிகாரிகள். வார்டுகளின் குரலே இல்லாத காலத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அமைப்பு, அந்தக் குரல் இல்லாமலே திட்டம் போடப் பழகியதில் வியப்பில்லை. வியப்பு எங்களைப் பற்றியது. அந்த 23 ஆண்டுகளில் பால் விலைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் தெருவில் இறங்கியது இந்த நகரம். மாநகராட்சித் தேர்தல் நடத்து என்று எங்கள் பகுதிகள் எதுவும் கொந்தளித்ததாக நினைவில்லை.

சரி, அது பழைய கதை என்று விடலாம். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. இந்தக் காலத்தைப் பற்றி நாங்கள் வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது: எங்களில் பலருக்கு அது வசதியாக இருந்தது. கவுன்சிலர் என்ற கட்சிக்காரர் இல்லை, அவர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. மண்டல அலுவலரின் கைபேசி எண் எங்களிடம் இருந்தது. புகைப்படம் எடுத்து அனுப்பினால் மறுநாள் ஆள் வந்தான். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிந்த தெருக்களுக்கு வேலை நடந்தது. எழுதத் தெரியாத தெருக்களுக்கு என்ன நடந்தது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனது மக்களாட்சிக்கு இழுக்கு என்று கூட்டங்களில் தீர்மானம் போட்ட சில சங்கங்கள் இருந்தன. பெரும்பாலான சங்கங்கள் அதிகாரிகளோடு கலந்துரையாடல் நடத்தி, தேநீர் கொடுத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பின.

தேர்தல் வந்தபோது சென்னையில் வாக்களித்தவர்கள் சுமார் 43 சதவீதம். மாநிலத்தின் சராசரி 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. படித்தவர்களின் நகரம் என்று பெருமைப்படுகிற ஊர், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் நின்றது.

அதே ஆண்டு ஜூனில் வார்டு குழு, பகுதி சபை விதிகளை அரசு வெளியிட்டது. அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து! ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரியும்; அந்தந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரும் அந்தச் சபையின் உறுப்பினர்; மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். குறைகள் இல்லாமல் இல்லை. சபையின் பிரதிநிதியைச் சபை தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். நியமனத்தில் கட்சிக்காரர்களுக்கே முன்னுரிமை என்ற புகார் எழுந்தது. அந்தப் புகாரை நாங்களும் உரக்கச் சொன்னோம். சொல்லிவிட்டு வீட்டில் இருந்துகொண்டோம். 'நம்மை அங்கீகரிக்காத சபைக்கு நாம் ஏன் போக வேண்டும்' என்பது எங்கள் வாதம். அந்தச் சபைக்குள் நுழைய யாருடைய அங்கீகாரமும் தேவையில்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கூரை வீட்டுக்காரரும் மூன்றுமாடி வீட்டுக்காரரும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் கூட்டம் எங்களுக்குப் பழக்கமில்லாதது. சங்கத்தில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். வாடகைக்கு இருப்பவர்களைக்கூடப் பல சங்கங்கள் முழு உறுப்பினராகச் சேர்ப்பதில்லை.

எங்களில் போன சிலர் என்ன பேசினோம்? மறுபடியும் தெருவிளக்கு. நிலப்பயன்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், எங்கள் வார்டில் என்னென்ன மாற்றம் விண்ணப்பத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள் எனக் கேட்ட கூட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நடந்திருந்தால் மகிழ்ச்சி.

மாஸ்டர் பிளான் என்ற ஒன்று எங்கள் வாழ்க்கையை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. அதன் வரைவை எங்களில் சிலர் பார்க்கவும் செய்தோம். எங்கள் மனை என்ன நிறத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. கலப்புக் குடியிருப்பு என்று குறித்திருந்தால் விலை ஏறும். அந்தக் கணக்கு முடிந்ததும் வரைபடத்தைச் சுருட்டி வைத்தோம். நகர ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளான் வரைவின்மீது ஆட்சேபமும் யோசனையும் சொல்லப் பொதுமக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு சர்வே எண்ணாக நிலப்பயன்பாட்டை மாற்றும்போதும் நாளிதழில் அறிவிப்பு வருகிறது: இன்ன கிராமத்தில் இன்ன எண்ணுள்ள விவசாய நிலம் குடியிருப்பாக மாறுகிறது, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். மணமகள் தேவை விளம்பரத்தைப் படிக்கும் கவனத்தில் பாதிகூட அதற்கு நாங்கள் தந்ததில்லை. ஆட்சேபம் வராத ஒவ்வொரு மாற்றமும் எங்கள் சம்மதமாகவே கோப்பில் ஏறியது.

இதைவிடக் கனமானது அடுத்தது. 1998இல் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28க்கு முன்பு விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்குக் கட்டணம் கட்டி விலக்குப் பெறலாம், ஒரே ஒரு முறைதான் என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று அந்தத் தேதி நகர்ந்துகொண்டே போனது. 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் முதல் விலக்கை ஏற்று, பிந்தைய நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012இல் 113-சி வந்தது; 2007 ஜூலைக்கு முந்திய கட்டடங்களுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு. தி.நகர் கடைகளுக்காகச் சட்டத்தை வளைத்துவிட்டார்கள் என்று நாங்கள் கோபப்பட்டோம். கோபம் சரி. ஆனால் விலக்குக் கேட்டு வரிசையில் நின்றவர்களில் நாங்களும் இருந்தோம். பக்கவாட்டில் விட வேண்டிய ஐந்தடியை மூன்றடியாக்கியவர்கள், அனுமதி இல்லாத மாடி எழுப்பி வாடகைக்கு விட்டவர்கள், ஸ்டில்ட் பார்க்கிங்கை அடைத்து அலுவலகமாக்கியவர்கள், ஃபிளாட் வாங்கும்போது 'டீவியேஷன் கொஞ்சம் இருக்கு சார், ரெகுலரைஸ் பண்ணிடலாம்' என்று புரோமோட்டர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள். 2017இல் தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்தபோது தொலைக்காட்சியில் விதிமீறல் பற்றி மணிக்கணக்கில் பேச்சு நடந்தது. எங்கள் சந்தில் தீயணைப்பு வண்டி நுழையுமா என்ற கேள்வியை எந்தச் சங்கமும் தன் அடுத்த கூட்டத்தில் எடுத்ததாக நான் அறியேன்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள். போரூர் ஏரிக்கு அருகில், ஓர் ஊராட்சி எல்லைக்குள், அனுமதி பெற்ற கட்டடம் அது. மாற்று வீட்டைத் தேடி வங்கிக் கடனோடு அலைந்த எங்களுக்காகத்தான் அந்த வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தபோது கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. நேரலையில் நாங்களும் பார்த்தோம்.

திறந்தவெளி நிலம் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய மனைகளில் வளாகம் கட்டும்போது நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொதுப் பூங்காவுக்கோ விளையாட்டிடத்துக்கோ ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையென்றால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வார்கள். பொதுச் சாலையிலிருந்து யாரும் அங்கே போகலாம். ஆனால் சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் இப்படிப்பட்ட நிலம் பலவற்றைச் சுற்றி எங்கள் வளாகத்தின் மதில்தான் நிற்கிறது. விளம்பரத்தில் 'குழந்தைகள் பூங்கா' என்று காட்டி விற்றார் புரோமோட்டர். நாங்கள் நம்பி வாங்கினோம். பத்திரத்தைப் படித்த பிறகும் மதிலை அகற்றவில்லை. காவலாளியை நிறுத்தினோம். வெளியே இருந்து வந்த பிள்ளைகளை 'உங்களுக்கு இங்க என்ன வேலை' என்று அவர் விரட்டினார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது நாங்கள். ஊர்ப் பிள்ளைகளின் மைதானத்தை இப்படி எடுத்துக்கொண்டுவிட்டு, இன்றைய பிள்ளைகள் கைபேசியே கதி என்று கிடக்கிறார்கள் என மேடையில் வருந்தியிருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட எங்கள் பார்வை எவ்வளவு குறுகியது என்பதைக் காட்டிக்கொடுத்தது தண்ணீர். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும் வடிநிலப் பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழிவிட்டு, வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்துத் தண்ணீரும் சேர்ந்து, சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பில் இன்று மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு அளவுதான். பெருங்குடிக் குப்பைமேடு, ஐ.டி. வளாகங்கள், அரசு நிறுவனங்கள், எங்கள் மனைகள் எல்லாம் அதை விழுங்கின. 2022இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் அது சேர்ந்தபோது பெருமைப்பட்டோம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி மூழ்கியது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால். வடிகால் வந்தது. அது போய்ச் சேரும் கால்வாயில் இடமிருக்கிறதா, அதற்கப்பால் மடுவின் அகலம் போதுமா என்று கேட்கவில்லை. சாலை போட வந்தபோது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லியிருக்க வேண்டும், விதியும் அதுதான். 'இன்னும் அரையடி ஏத்திப் போடுங்க' என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டுக்கொண்ட தெருக்கள் உண்டு. எங்கள் வாசல் தப்பியது. பக்கத்துக் குறுக்குத் தெருவில், முப்பது ஆண்டுக்கு முன்பு கட்டிய தாழ்வான வீடுகளில், அந்தத் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு நின்றது.

இந்தத் தண்ணீர்ப்பாதை தாம்பரம் மாநகராட்சியில் தொடங்கி, சென்னை மாநகராட்சிக்குள் வந்து, பெரும்பாக்கம் போன்ற ஊராட்சிகளின் ஓரமாகப் போகிறது. எந்த வார்டு கவுன்சிலரும் இதை முழுசாகப் பார்க்க முடியாது. முழுசாகப் பார்க்க வேண்டியது பெருநகரக் குழுமம். ஆனால் குழுமத்தின் வரைபடத்தில் எந்தச் சந்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்த மதகின்மேல் எவர் கொட்டகை போட்டார் என்பது இருக்காது. அது அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். இந்த இரண்டு அறிவும் சந்திக்கும் இடமாகத்தான் வார்டு குழுவும் பகுதி சபையும் இருந்திருக்க வேண்டும். சிட்லபாக்கத்தில் ஏரிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. அவர்கள் ஏரியிலிருந்து இறங்கிவரும் தண்ணீரைப் பற்றி, கீழே இருக்கும் எங்கள் சங்கங்கள் அவர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

பெரும்பாக்கம் என்றதும் மனம் கூசுகிறது. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்தவர்களை அகற்றி அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், அடுக்கடுக்காக, சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில். அதற்கு முன்பே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இருந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை 'ஆக்கிரமிப்பை' அகற்று என்று மனுக் கொடுத்தவர்களில் எங்கள் சங்கங்களும் இருந்தன. ஆற்றை நெருக்கிய பெரிய கட்டடங்களின் பெயர் அந்த மனுக்களில் அரிதாகவே இருந்தது. எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்த்த அக்காவும், இஸ்திரி போட்ட அண்ணனும், ஆட்டோ ஓட்டியவரும் பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனார்கள். அவர்களும் எங்கள் வார்டின் வாக்காளர்கள்தாம். அவர்களை அகற்றலாமா என்று எங்கள் வார்டில் யாரும் சபை கூட்டிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் அவர்கள் பக்கம் பேசியிருப்போமா? அன்றைக்கு இருந்த மனநிலையில், பேசியிருக்க மாட்டோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரத்தை நினைத்துப் பார்க்கிறேன். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதாக 2022இல் அறிவித்தார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். அந்த ஊர் மக்கள் கிராம சபையில் கூடி, எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றி, மீண்டும் மீண்டும் நிறைவேற்றி, அதைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். நாற்று நடவும் அறுப்பும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களிடம் லெட்டர்ஹெட் இல்லை. சட்டம் தந்த சபை ஒன்று இருந்தது, அதை அவர்கள் பயன்படுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சங்கக் கூட்டத்துக்குக் கோரம் சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, பிறகு வந்தவர்களை வைத்து நடத்தி முடித்த எத்தனையோ கூட்டங்களில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026 வரை. மூன்றாவது, 2027 முதல் 2046 வரைக்குமானது. இடையே பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022 அக்டோபரில் விரித்துவிட்டார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஊர்களும், ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணம் பக்கமும் இனி இந்தத் திட்டத்துக்குள். நாங்கள் பள்ளிக்கரணைக்குச் செய்ததை அந்த ஊர்களின் ஏரிகளுக்கும் செய்துமுடிக்க இருபது ஆண்டுகள் தாராளமாகப் போதும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் மறுபடியும் தள்ளிப்போனால், மூன்றாவது திட்டத்தின் முதல் ஆண்டுகளும் கவுன்சிலர் இல்லாமலே கழியும். அப்போது மண்டல அலுவலரின் எண் எங்கள் கைபேசியில் இருக்கிறது என்று நாங்கள் சும்மா இருக்கக் கூடாது; தேர்தல் கேட்டு முதலில் தெருவுக்கு வர வேண்டியவர்கள் நாங்கள்.

அடுத்த பகுதி சபைக்கு எங்கள் சங்கத்திலிருந்து மூன்று கோரிக்கைகள் எழுதியிருக்கிறோம். வார்டின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தைத் தமிழில், சர்வே எண்ணோடு, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். வார்டில் உள்ள ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியலை வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் மதிலுக்குள் இருப்பதும் அதில் வர வேண்டும். எங்கள் வடிகால் போய்ச் சேரும் வழியிலுள்ள வார்டுகளின் கவுன்சிலர்களையும் பெரும்பாக்கம் ஊராட்சியையும் சி.எம்.டி.ஏ. அலுவலரையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். இரண்டாவது கோரிக்கையைச் சேர்ப்பதில் சங்கத்துக்குள் சண்டை வந்தது. மனை மதிப்பு இறங்கிவிடும் என்றார்கள், பாதுகாப்புப் போய்விடும் என்றார்கள். இரண்டு பேர் விலகினார்கள். கோரிக்கை மனுவில் இருக்கிறது.